தேயாத சங்கிலி

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அதை ஓட்டியது அம்மா.

இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், "அதுக்கென்ன இப்போ?" என்பார்கள். என் வயதுக்காரர்களான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் ஆரம்பப் பள்ளிக்குப் போன நாட்களில் கிள்ளானை ஒட்டிய காப்பார் சாலையில் ஒரு தமிழ்ப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கார் ஓட்டிப் போனால், சைக்கிளில் வருகிறவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று பார்ப்பார். லோரிக்காரர்கள் வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். அம்மா திரும்பியே பார்க்க மாட்டார். அவர் குள்ளம். இருக்கையில் ஒரு சிவப்பு மெத்தையைப் போட்டு உட்கார்ந்து, கழுத்தை நீட்டிச் சாலையை மட்டும் பார்ப்பார்.

வெளிர் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார் அது. தாய்மாமா சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போனபோது தங்கைக்கு விட்டுவிட்டுப் போனது. வெயிலில் நின்றால் உள்ளே ரெக்சின் வேகும் வாசனை வரும். அதோடு அம்மா தலைக்கு வைக்கும் எண்ணெயும், முன்பலகையின் சின்னப் பெட்டிக்குள் கிடந்த புளிப்பு மிட்டாயும் கலந்து ஒரு தனி வாசனை. அப்பாவுக்கு மோட்டார்சைக்கிள். கிள்ளான் துறைமுகத்தில் அவர் ஃபிட்டர். பாரந்தூக்கிகளின் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது அவர் வேலை. காரை ஓட்ட அவருக்கு அவ்வளவாக ஆசையில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் கழுவுவார். சக்கரத்துக்குள் கைவிட்டுத் துடைப்பார். ஓட்டுவது அவள், பார்த்துக்கொள்வது நான் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை.

அம்மா காப்பாரைத் தாண்டி ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தற்காலிகம்தான். நான் நான்காம் வகுப்பு முடித்த வருடம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வருடக் கடைசி விடுமுறையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் நான்கு வாரப் பயிற்சி. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு மணிக்கு. முடிவில் பரீட்சை. தேறினால் நிரந்தர வேலைக்கான கல்லூரியில் இடம். எட்டரைக்குக் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். ஐந்து நாள் கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அம்மா அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அப்பா, "போயிட்டு வா, காருதான் இருக்கே" என்றார்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. விடுமுறை என்றால் அம்மா வீட்டில் இருப்பார் என்பது என் கணக்கு. இந்த வருடம் என்னைப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் விட்டுவிட்டு விடியும் முன்னே கிளம்பினார். ஆன்டி நல்லவர். ஆனால் அந்த வீட்டில் நாள் முழுவதும் தையல் இயந்திரம் ஓடும். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து துணித்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அம்மா வந்தாலும் பாடம், குறிப்பு, மறுநாள் செய்து காட்டவேண்டிய அட்டைப் படங்கள். நான் பேசினால் "ம்" என்பார். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

முதல் வாரத்தில் ஒரு நாள் அழுது அடம்பிடித்து அவரோடு போனேன். கிள்ளான் பக்கம் திரும்பாமல் கார் எதிர்த்திசையில் காப்பாருக்குப் போனது. அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு சார் நின்றிருந்தார். அவரும் தற்காலிக ஆசிரியர், அதே பயிற்சிக்கு வருகிறவர். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் குச்சிபோல் விறைத்திருந்தது. அந்தக் கால் மடங்காது. அதனால் முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, முதலில் உடம்பை உள்ளே கொண்டுவந்து, பிறகு இரண்டு கையாலும் காலைத் தூக்கி வைப்பார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த சந்திப்பில் ஒரு டீச்சர் ஏறினார். அவர் பின்னால், என் பக்கத்தில்.

கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்ல, தப்பாகச் சொன்னால் டீச்சர் பின்னாலிருந்து முன்சீட்டைத் தட்டுவார். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அது பிடிக்கவில்லை. என்னோடு சிரிக்காத அம்மா இவர்களோடு சிரிக்கிறாரே என்றிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வகுப்பறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்து, ரோஸ் நிற சிராப் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பின்னால் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். சன்னல் வழியே பார்த்தேன். அம்மா கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். வகுப்பே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவிடம் சொன்னார்: "என்னங்க, காலையில ஸ்டார்ட் பண்ணா முன்னால ஏதோ கரகரன்னு கேக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"டைமிங் செயினா இருக்கும். ஞாயித்துக்கிழமை தொறந்து பாத்துடறேன்."

சனிக்கிழமை அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் வாங்கிப்போன கருவி எதையோ திருப்பிக் கொடுக்க வந்தார். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். வந்தவர் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமலே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, அண்ணிய நெடுஞ்சாலையில பாத்தேன்லா. நல்லா ஓட்டுறாங்க. முன்னால ஒருத்தர் ஜம்முனு உக்காந்து பேசிக்கிட்டு வராரு. நான் நீங்கதான்னு நெனச்சுக் கையக் காட்டினேன்!"

அப்பாவும் சிரித்தார். அவர் போன பிறகு சிரிப்பு இல்லை. குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு என்னைக் கேட்டார்.

"பாப்பா, நீ அன்னிக்கு கார்ல போனியே. முன்சீட்ல யாரு உக்காருவா?"

"சார்."

"அம்மாவும் அவரும் என்ன பேசுவாங்க?"

"சிரிப்பாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். காலைப் பற்றிச் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்த டீச்சரைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அது பொய்யில்லை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்து என்னையே உட்காரவைத்து விசாரித்தால், அந்த ஒற்றைச் சொல்லை நான் எந்த முகத்தோடு சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். கோள் சொல்லும் முகம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அப்பா ஆரம்பித்துவிட்டார். எங்களுடையது பலகை வீடு. பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதன் கீழே கார். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் இறக்கி, ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். காற்றாடி, பெல்ட் எல்லாம் வெளியே வந்தன. அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதில் துளை போட்டு, கழற்றிய போல்ட்டுகளை எந்த இடத்தில் இருந்தனவோ அதே வரிசையில் செருகி வைத்தார். எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் பெரிய நட்டைத் திருப்பும்போது எஞ்சின் சேர்ந்து சுற்றிவிடக் கூடாது. அதற்குக் கியரைப் போட்டு யாராவது பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் அம்மாவின் சிவப்பு மெத்தையில் உட்கார்ந்து, நுனிக்கு நகர்ந்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அடுத்த நாள் பாடத்தைச் சுவருக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா அமுக்கு பாப்பா!"

ஸ்பேனரின் மேல் சுத்தியல் விழுந்தது. மூன்றாவது அடியில் நட்டு இளகியது. கார் ஒரு முறை உலுக்கி நின்றது.

மூடியைத் திறந்ததும் சங்கிலி தெரிந்தது. மேலே ஒரு பெரிய பல்சக்கரம், கீழே ஒரு சின்னப் பல்சக்கரம், இரண்டையும் சுற்றி எண்ணெயில் ஊறிய சங்கிலி. சைக்கிள் சங்கிலி மாதிரிதான், கொஞ்சம் கனம். இரண்டு சக்கரத்திலும் ஒரு புள்ளி உண்டு. இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் வரும்வரை அப்பா எஞ்சினைக் கையால் சுற்றினார். பிறகு இரண்டு சக்கரத்தையும் மெல்ல மெல்ல அசைத்து, சங்கிலியோடு சேர்த்து வெளியே இழுத்தார். மண்ணெண்ணெயில் அலசினார்.

"தேஞ்சு போயிருந்தா எப்படித் தெரியும் தெரியுமா? படுக்கையா நீட்டிப் புடிச்சா, பூனை வால் மாதிரி வளைஞ்சு தொங்கிடும்."

நீட்டிப் பிடித்தார். சங்கிலி தொங்கவில்லை. குச்சிபோல் நேராக நின்றது.

திருப்பிப் பிடித்தார். அப்போதும் நேராகவே நின்றது. பிறகு எஞ்சின் பக்கம் குனிந்து எதை எதையோ ஆட்டிப் பார்த்தார். டைனமோவைத் தாங்கும் இரும்புத் துண்டின் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. அதை ஆட்டியதும் கரகரவென்றது. அம்மா சொன்ன சத்தம் அதுதான். ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கினார். முடிந்தது வேலை.

நான் இறங்கப் போனேன். அப்பா நகரவில்லை. கையில் சங்கிலியைப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே, இல்லாத மாணவன் ஒருவனை அம்மா பாராட்டிக்கொண்டிருந்தார். சங்கிலியிலிருந்து மண்ணெண்ணெய் அப்பாவின் கால்மேல் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மா கேட்டா, செயின் தேஞ்சு போச்சுன்னு சொல்லு" என்றார். "புதுசு வரணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அம்மா வீட்ல இருந்தா உனக்கு நல்லதுதானே?"

நான் தலையாட்டினேன். சங்கிலியை ஒரு பால்மாவு டின்னில் போட்டு மூடி, கருவிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

திங்கட்கிழமை அம்மா போகவில்லை. போன் இல்லாத காலம், சாருக்கும் டீச்சருக்கும் தகவல் சொல்ல வழியில்லை. "நிக்கப் போறாங்களே, நிக்கப் போறாங்களே" என்று காலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் அவரே மனதைத் தேற்றிக்கொண்டு என் தலையை வாரிவிட்டார். இருவரும் வாழைப்பழம் பிசைந்து பலகாரம் சுட்டோம். மழை பெய்தது. தகரக் கூரைச் சத்தத்தில் பேசுவது கேட்காது என்பதால் ஒருவர் காதில் ஒருவர் கத்திச் சிரித்தோம். நான் அவர் மடியில் படுத்துத் தூங்கினேன். என் சின்ன வயதிலேயே நல்ல நாள் எது என்று கேட்டால், எனக்கு முதலில் வருவது அந்தத் திங்கட்கிழமைதான். இதை எழுதவே கூசுகிறது.

மாலையில் டீச்சர் வந்தார். அப்பா வேலை முடிந்து வந்து கொட்டகையில் இருந்தார். டீச்சர் கார் பக்கத்தில் நின்றே அம்மாவிடம் பேசினார்.

"என்னாச்சு டீச்சர்? நான் பஸ்ஸப் புடிச்சு ஓடினேன், அப்பவும் லேட்டு. சார்தான் பாவம், ஏழு மணி வரைக்கும் வாசல்லயே நின்னாராம். அந்தக் கால வச்சுக்கிட்டு அவரால பஸ் படி ஏற முடியுமா? நாளைக்காவது கார் ரெடியாயிடுமா? நான் பின்னால சாமானோட உக்காந்தாலும் சரி."

அப்பா கையிலிருந்த துணியால் வெகுநேரம் விரல்களைத் துடைத்தார். டீச்சர் போனதும், அம்மா உள்ளே போனதும், என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குக் காலு சரியில்லையா?"

"ஆமா. மடங்காது."

"அந்த டீச்சரும் தினமும் வருவாங்களா?"

"ஆமாப்பா. பின்னால."

"ஏன் பாப்பா சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அப்பாவின் முகம் மாறியது. கோபமில்லை. ஏதோ ஒன்றைக் கை நழுவிக் கீழே போட்டுவிட்டவர் முகம். உடனே போய் டின்னை எடுத்தார். இன்றைக்கு எனக்குப் புரிகிறது, அந்த நிமிடமே உள்ளே போய் அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அவரால் அது முடியவில்லை. அதற்குப் பதிலாக இருட்டுவதற்குள் மாட்டிவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தார்.

அவசரத்தில் மாட்டினார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் டார்ச் விளக்கைப் பிடித்தேன். கழற்றிய பிறகு எஞ்சின் எங்கேயோ கொஞ்சம் சுற்றியிருக்க வேண்டும். புள்ளிகள் நேராக வந்துவிட்டன என்று நினைத்தார். ஒரு பல் தவறியிருந்தது. எல்லாவற்றையும் மூடி, தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. டப் டப் என்று வெடித்து நின்றது. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளையே ஓடவைக்கிற அப்பா, எங்கள் சின்னக் காருக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, செயின் வந்துடுச்சா?" அம்மா எட்டிப் பார்த்தார்.

"வந்துடுச்சு. நாளைக்கு ஓடிரும்."

செவ்வாயும் ஓடவில்லை. அன்றைக்கும் அம்மா வீட்டில் இருந்தார். ஆனால் பலகாரம் இல்லை. மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீ அப்பாகூடவே இருந்தியே. அந்த செயின் நெசமாவே தேஞ்சு போயிருந்துச்சா? நீ பாத்தியா?"

அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். வீட்டில் வேறு யாரையும் கேட்க முடியாமல் என்னைக் கேட்டிருக்கிறார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒரு பெரிய மனுஷியைக் கேட்பதுபோல் கேட்டார். அப்பா சொல்லச் சொன்னது 'தேஞ்சு போச்சு' என்பது மட்டும்தான். நான் அதோடு விடவில்லை.

"பாத்தேம்மா. நீட்டிப் புடிச்சா பூனை வால் மாதிரி தொங்குச்சு" என்று கையை நீட்டி, மணிக்கட்டை மடக்கி ஆட்டிக் காட்டினேன்.

அம்மா என் கையைப் பார்த்தார். "அப்படியா" என்றார். மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தார். அவர் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அம்மா நாளைக்கும் இருப்பார்.

செவ்வாய் மாலை அப்பா மறுபடி திறந்தார். புள்ளிகளைச் சரிசெய்தார். ஆனால் மூடியைத் திரும்பத் திரும்பக் கழற்றியதில் உள்ளே எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், கிழிந்துவிட்டது. பொய்யாகத் தொடங்கிய பழுது உண்மையான பழுதாகிவிட்டது. புதன்கிழமை விடியும்போதே எழுந்து பழைய ஆயில் சீல் எதையோ வைத்துச் சரிக்கட்டப் பார்த்தார். "அரை மணி நேரம், உக்காரு, நான் முடிச்சுத் தரேன்" என்றார். அம்மா சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஏழேகாலுக்கு மேல் பொறுக்க முடியாமல் சாலைக்கு ஓடினார். கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பஸ், இறங்கி நடை. போய்ச் சேரும்போது பத்து மணி. வகுப்பில் உட்கார விட்டார்கள். கையெழுத்துப் போட விடவில்லை.

வியாழனும் அதே கதை. அப்பா அரை நாள் விடுப்புப் போட்டுக் கோலாலம்பூருக்குப் போய் சீல் வாங்கி வந்தார். அளவு பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேறொன்று கிடைத்துவிடும், ஒரு நண்பர் கொண்டுவருகிறார் என்றார். அம்மா மறுபடி படியில் உட்கார்ந்தார். மழை வந்தது. நண்பர் ஏழு மணிக்கு வந்தார். அவசரத்தில் அப்பாவின் கையிலிருந்து போல்ட் நழுவிச் சேற்றில் புதைந்தது, நான் மழையில் மண்டியிட்டுத் தேடினேன். போல்ட் கிடைத்தபோது அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று ஐந்தாவது நாள்.

சனிக்கிழமை மதியம் எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. சத்தமே இல்லை, பட்டுப்போல் ஓடியது. அம்மா வாசலுக்கு வந்து நின்றார். கார் பக்கம் வரவில்லை. "சரியாயிடுச்சா?" என்றார். "ம்" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்ச் சோற்றை வடித்தார். விடுமுறையில் மிச்சமிருந்த இரண்டு வாரமும் அவர் என்னோடுதான் இருந்தார். நான் கேட்டதெல்லாம் செய்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீச்சர் ஐந்து நாளுக்குள் தப்பித்துப் பரீட்சை எழுதினார். பின்னாளில் தலைமையாசிரியை ஆனார். அம்மா இன்னும் இரண்டு வருடம் தற்காலிகமாக இருந்தார். பிறகு தற்காலிக ஆட்களைக் குறைத்தபோது நின்றார். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தார். காரை சாலாக் செலாத்தானில் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கார் போன பிறகு அம்மா எதையும் ஓட்டவில்லை. அப்பா அந்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அம்மாவுக்கு எதுவுமே மறுக்காத மனிதராக மாறினார். பக்கத்து வீட்டார் அதைப் பார்த்து, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்பார்கள். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது.

சாரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். எனக்கு இருபது வயது. அம்மாவுக்குக் கிடைக்காத அதே ஆசிரியர் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்து, சேர்க்கைத் தாள்களை நகல் எடுக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். உள்ளே ஒரு மேசையில், காலை நீட்டிப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, பிழை திருத்திக்கொண்டிருந்தார். என் தாளில் இருந்த அப்பா பெயரையும் ஊரையும் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"டீச்சர் மகளா நீ? அம்மா நல்லா இருக்காங்களா? இன்னும் கார் ஓட்டுறாங்களா?"

"இல்ல சார்."

"அடடா. என்னை வீட்டு வாசலுக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போன ஆளு உங்கம்மா ஒருத்தங்கதான்மா. அந்த ஒரு வாரம் நான் மறக்கவே இல்ல." பிறகு என் தாளைப் பார்த்து, "நீயாவது முடிச்சிரு" என்றார்.

நகலை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

முடித்தேன். முப்பத்து நான்கு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அம்மா என் முதல் நாள் பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுத்தார். என் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் கோவிலில் அர்ச்சனை செய்தார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அப்பா இருக்கும்வரை அவரைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று ஒரு சாக்கு. அவர் போன பிறகு, போனவரைப் பற்றி எதற்கு என்று ஒரு சாக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அம்மா இப்போது சுபாங் ஜெயாவில் என்னோடு இருக்கிறார். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. போன மாதம் ஒரு மதிய வேளை, சாப்பாடு முடிந்து பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். அவர் எதையும் கேட்கவில்லை. நானே சொல்ல ஆரம்பித்தேன். சங்கிலி நேராக நின்றதைச் சொன்னேன். அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அப்பாவோடு வேலை செய்தவர் வந்து சொன்னது, நான் அப்பாவுக்குச் சொன்ன அரைப்பதில், செவ்வாய்க்கிழமைப் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

அம்மா அழவில்லை. எதிர்க் கட்டடத்தில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா ஏதோ மறைக்கிறாருன்னு தெரியும்" என்றார். "அவரு மூஞ்சியில எதுவும் மறையாது. அதான் உன்னைக் கேட்டேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ கைய வேற ஆட்டிக் காட்டினே."

"ஆமாம்மா."

"அஞ்சு மணிக்கு ஒரு பஸ் இருந்துச்சு. துறைமுகத்து ஆளுங்க போற பஸ். அதுல ஏறிக் கிள்ளான்ல மாறினா ஏழரைக்கு பிரிக்பீல்ட்ஸ் போயிடலாம். செவ்வாய்க்கிழமை நீ மட்டும் உண்மையச் சொல்லியிருந்தா, புதன்கிழமை நான் அந்தப் பஸ்ஸுல ஏறியிருப்பேன். அவரு பேச்சக் கேட்டுப் படியில உக்காந்திருக்க மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ரெண்டு நாள்தான் போயிருக்கும். மூணு நாளு மிச்சம் இருந்துச்சு எனக்கு."

இத்தனை வருடமாக நான் காரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கிலியை, ஆயில் சீலை, மழையை, அப்பாவை. கார் இல்லாமலும் அவர் போயிருப்பார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். போனது போகட்டும், குழந்தைதானே நீ என்று அவர் சொல்வார் என்று. நான் என் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவர் சொல்லவில்லை. கடைசியில் நானே அதைக் கேட்டு வாங்கப் பார்த்தேன்.

"அம்மா, எனக்கு அப்போ பத்து வயசுதான்."

"தெரியும்" என்றார். "நான்தானே பெத்தேன்."